மண்டலங்களின் சந்திப்பும் வாயுவின் வழியும்

ஆகாயத்தில் சிதறிக் கிடக்கும் நட்சத்திர மண்டலங்களை, ஒன்றை ஒன்று அறியாமல் தத்தம் அச்சிலே சுழன்றுகொண்டிருக்கும் ஏகாந்தவாசிகளாக நினைத்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகவே ஊறிப்போயிருக்கிறது. டெலஸ்கோப்பின் வழியே மங்கிய புகைத் திட்டுகளாகத் தோன்றுபவை நமது ஆகாச கங்கையைப் போன்ற வேறு நட்சத்திரக் கூட்டங்களாகவே இருக்கவேண்டும் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் இமானுவேல் காண்ட் என்னும் ஜெர்மானியத் தத்துவஞானி ஊகித்தபோதும், 1920களில் எட்வின் ஹபிள் மவுண்ட் வில்சன் மலைமீதிருந்த நூறு அங்குல டெலஸ்கோப்பின் துணைகொண்டு அந்த ஊகம் மெய்யே என்று ஸ்தாபித்தபோதும், அந்த மண்டலங்களைப் பிரிக்கும் தூரத்தின் பிரம்மாண்டமே மனிதர் மனத்தை ஆட்கொண்டதே தவிர, அவற்றுக்குள் நிலவும் உறவைப் பற்றிய சிந்தனை வெகுகாலம் பின்தங்கியே இருந்தது. இன்றும் நம் பாடப் புத்தகங்களில் நட்சத்திர மண்டலம் என்றால் கரிய பின்னணியில் ஒற்றையாக மிதக்கும் ஒரு சுருளின் படத்தைத்தான் அச்சிடுகிறார்கள். அந்தக் கரிய பின்னணியிலேதான் மண்டலங்களின் பூர்வ சரித்திரம் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும், அதை எழுதி வைத்திருப்பது கண்ணுக்குப் புலப்படாத ஒரு மெல்லிய வாயு என்பதையும், அந்த வாயு எவ்வாறு இழுபட்டு, மோதி, தன் பாதையை மாற்றிக்கொண்டு ஓடுகிறது என்பதையும் ஆற அமர எண்ணிப் பார்க்க இங்கே விரும்புகிறேன்.

தூரங்களின் விகிதத்தை முதலில் மனத்தில் பதித்துக்கொள்வது அவசியம். சூரியனை ஒரு கடுகின் அளவுக்குச் சுருக்கிவிட்டோமானால், அதற்கு மிக அருகிலுள்ள நட்சத்திரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடும்; ஆனால் நமது மண்டலம் முழுவதையும் ஓர் அடி விட்டமுள்ள தாம்பாளமாகச் சுருக்கினால், பக்கத்துப் பெருமண்டலமான ஆண்ட்ரோமீடா 25 அடி தூரத்திலேயே நிற்கும். நட்சத்திரங்கள் தங்கள் உருவத்தை நோக்க எண்ணிப்பார்க்க முடியாத தனிமையில் வாழ்கின்றன என்பதும், மண்டலங்களோ தங்கள் உருவத்தை நோக்க ஒன்றுக்கொன்று அண்டை வீட்டாராகவே இருக்கின்றன என்பதும் இந்த இரண்டு அளவுகளிலிருந்து தெரியவரும். ஆகவே ஆயிரம் கோடி ஆண்டுகளைத் தாண்டிய தன் ஆயுளில் ஒரு மண்டலம் இன்னொன்றின் அருகாகக் கடந்து செல்வதோ, அதன் ஊடாகவே புகுந்து செல்வதோ அபூர்வமான சம்பவம் அன்று. அப்படிப் புகுந்து செல்லும்போதுகூட ஒரு நட்சத்திரம் மற்றொரு நட்சத்திரத்தின்மீது மோதுவது பெரும்பாலும் நிகழ்வதே இல்லை. இரண்டு மண்டலங்களின் கோடானுகோடி நட்சத்திரங்களும் ஒன்றை ஒன்று தீண்டாமல், ஒட்டுமொத்தமான ஆகர்ஷணத்துக்கு மட்டும் வளைந்துகொடுத்துக் கடந்து போய்விடுகின்றன.

வாயுவுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. நட்சத்திரங்களுக்கு இடையே வியாபித்திருக்கும் வாயு, பெரும்பாலும் ஹைட்ரஜனும் அதற்கு அடுத்தபடியாக ஹீலியமும் சேர்ந்தது. சராசரியாக ஒரு கன சென்டிமீட்டரில் ஓர் அணு இருந்தால் அதிகம். நாம் சுவாசிக்கும் காற்றிலோ அதே அளவு இடத்தில் 2.5 லட்சம் கோடி கோடிக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. பூமியில் எந்தச் சோதனைச்சாலையிலும் எளிதில் உண்டாக்க முடியாத வெற்றிடம் என்றே அந்த வாயுவைச் சொல்லிவிடலாம். ஆயினும் அதிலுள்ள ஓர் அணு, மற்றோர் அணுவின்மேல் முட்டிக்கொள்ளாமல் செல்லக்கூடிய தூரம் ஓர் ஒளியாண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவிலேயே அமைகிறது. லட்சம் ஒளியாண்டு விரிந்த மண்டலத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லாத தூரம். எனவே இரண்டு மண்டலங்களின் வாயுக்கள் எதிர்ப்படும்போது, நட்சத்திரங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று நழுவிச் செல்ல அவற்றால் இயலாது. மோதித்தான் ஆகவேண்டும், மோதிய வேகத்தை உஷ்ணமாக மாற்றித்தான் ஆகவேண்டும், அந்த உஷ்ணத்தை ஒளியாகவோ வெப்பக் கதிராகவோ வெளியே விட்டுவிட்டு, முன்பிருந்த நிலைக்குத் திரும்ப வழியில்லாமல் வேறொரு நிலையில் அமைந்துதான் ஆகவேண்டும். மண்டலங்களின் சந்திப்பிலே நட்சத்திரங்களின் கதையும் வாயுவின் கதையும் பிரிந்து செல்லும் இடம் இதுதான்.

கண்ணுக்குத் தெரியாத இந்த வாயுவின் அசைவை நாம் அறிந்துகொண்ட விதம் மனித புத்தியின் உயர்ந்த சாதனைகளில் ஒன்று என்பது என் அபிப்பிராயம். ஹைட்ரஜன் அணுவில் ஒரு ப்ரோட்டானும் ஓர் எலெக்ட்ரானும் இருக்கின்றன. இரண்டும் தத்தமக்கென ஒரு சுழற்சி உடையவை. அந்தச் சுழற்சிகள் ஒரே திசையில் இருக்கும்போது அணுவின் சக்தி சற்று அதிகமாகவும், எதிரெதிராக இருக்கும்போது சற்றுக் குறைவாகவும் இருக்கிறது. முதல் நிலையிலிருந்து இரண்டாவது நிலைக்கு அணு மாறும்போது, 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு ரேடியோ அலை அதிலிருந்து புறப்படும். தனித்து விடப்பட்ட ஓர் அணு இவ்வாறு தானாக மாறுவதற்குச் சராசரியாக 1 கோடியே 10 லட்சம் ஆண்டுகள் காத்திருக்கவேண்டும் என்றாலும், ஆகாயத்தில் உள்ள அணுக்களின் தொகை அளவிறந்தது ஆகையால், எந்தக் கணத்திலும் எண்ணற்ற அணுக்கள் இந்த அலையை வெளியிட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. 1944ஆம் ஆண்டில், ஹாலந்து தேசம் நாஜிப் படையின் பிடியில் சிக்கி, வெளியுலகத்து விஞ்ஞானப் பத்திரிகைகள் வந்துசேருவதே அரிதாகிவிட்ட நாட்களில், லைடன் நகரில் கூடிய ஒரு சிறு கூட்டத்தில், வான் டி ஹுல்ஸ்ட் என்ற இளம் மாணவர், யான் ஊர்ட் என்ற பெரியவரின் தூண்டுதலால், இத்தகைய அலை ஒன்று ஆகாயத்திலிருந்து வரக்கூடும் என்று எடுத்துரைத்தார். யுத்தம் முடிந்து, 1951ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஹார்வர்டில் ஈவன், பர்செல் என்ற இருவர் ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பொருத்திய ஒரு கொம்பு வடிவ ஏரியலில் அந்த அலை வந்து விழுந்தது. சில வாரங்களுக்குள் ஹாலந்திலும், பின்னர் ஆஸ்திரேலியாவிலும் அதைக் கேட்டு உறுதிப்படுத்தினார்கள். யுத்தத்தின் இருளில் உதித்த அந்த எண்ணம் வாயுவின் இருப்பிடத்தோடு அதன் வேகத்தையும் நமக்குக் காட்டிக்கொடுத்தது: வாயு நம்மை நோக்கி வந்தால் அலையின் நீளம் சிறிது குறுகும், விலகிப்போனால் சிறிது நீளும், அந்த மாற்றத்தை அளந்தால், லட்சக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள வாயு விநாடிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்துவிடும்.

இனி அந்த வாயுவை அசைக்கும் சக்தியைக் கவனிக்கலாம். சந்திரனின் ஆகர்ஷணம் பூமியின் அருகாமையிலுள்ள பக்கத்தைப் பலமாகவும், அப்பாலுள்ள பக்கத்தைப் பலவீனமாகவும் இழுப்பதனால், கடல்நீர் இரண்டு பக்கமும் புடைத்து எழுகிறது. அதையே ஓதம் என்கிறோம். அருகே கடந்து செல்லும் ஒரு மண்டலம் மற்றொரு மண்டலத்தின் தட்டில் எழுப்புவதும் இதே ஓதம்தான். ஆனால் மண்டலத்தின் தட்டுக்குப் பூமியைப் போன்ற உறுதி இல்லை. அதன் உட்பகுதி ஒரு கதியிலும் வெளிப்பகுதி வேறொரு கதியிலும் சுழல்வதால், புடைத்த இடம் புடைத்தபடியே நிற்காமல் இழுபட்டு நீளுகிறது: நெருங்கி வந்தவனை நோக்கி ஒரு பாலமாகவும், எதிர்ப்புறத்தில் நீண்ட ஒரு வாலாகவும் அது உருவெடுக்கிறது. இதைக் கணித்துப் பார்க்கக் கணக்கு யந்திரங்கள் இல்லாத 1941ஆம் ஆண்டில், ஸ்வீடன் தேசத்து லுண்ட் நகரில் எரிக் ஹோம்பெர்க் என்பவர் கையாண்ட யுக்தியை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது. ஒளியின் பிரகாசமும் ஆகர்ஷண சக்தியும் தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைவதில் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. ஆதலால் அவர் ஒரு மண்டலத்துக்கு 37 மின்சார விளக்குகள் வீதம் இரண்டு மண்டலங்களை ஒரு மேஜையின்மீது பரப்பி வைத்து, ஒவ்வோர் இடத்திலும் வந்து விழும் வெளிச்சத்தை ஒளிமானியால் அளந்து, அதையே ஆகர்ஷணத்தின் அளவாகக் கொண்டு, விளக்குகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, இரண்டு மண்டலங்கள் சந்தித்தால் என்ன ஆகும் என்பதைக் கண்முன்னே நிகழ்த்திக் காட்டினார். ஒன்றை ஒன்று கடக்கும் மண்டலங்கள் தங்கள் வேகத்தில் ஒரு பங்கை இழந்து சேர்ந்துவிடக்கூடும் என்பதும் அந்த விளக்குகளின் வெளிச்சத்திலேயே தெரியவந்தது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1972இல், அலார் டூம்ரே, யூரி டூம்ரே என்ற சகோதரர்கள் கணக்கு யந்திரத்தின் உதவியோடு இதே பிரச்சினையை மறுபடியும் எடுத்துக்கொண்டார்கள். மண்டலங்களிலிருந்து வெளியே நீளும் விசித்திரமான இழைகளுக்கு ஆகர்ஷணத்தைத் தவிர வேறு ஏதோ காரணம் இருக்கவேண்டும், காந்த சக்தியாகவோ வெடிப்பாகவோ இருக்கலாம் என்று எண்ணியவர்கள் அக்காலத்தில் அநேகர். அவ்வாறன்று, சாதாரணமான ஓத சக்தியே போதும் என்பதைச் சகோதரர் இருவரும் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினார்கள். வந்து கடக்கும் மண்டலம், தட்டு சுழலும் அதே திசையில் கடந்து சென்றால், தட்டின் வெளிப்பகுதி அதனோடு கூடவே சிறிது காலம் ஓடுவதால் இழுப்பு மேலும் மேலும் சேர்ந்து பாலமும் வாலும் செழிப்பாக எழுகின்றன. எதிர்த் திசையில் கடந்தால் ஏறக்குறைய ஒன்றுமே நிகழ்வதில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று எம் 51 என்னும் நீர்ச்சுழி மண்டலம்; சப்தரிஷிகளில் மரீசியின் அருகே தெரிவது. 1845இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு தமது ஆறடிக் கண்ணாடி டெலஸ்கோப்பினால் முதன்முதலில் சுருள் உருவம் கண்டதும் இதே மண்டலத்தில்தான். அவர் கைப்பட வரைந்த சித்திரத்தில் சுருளின் ஒரு கரத்தின் நுனியில் சிறிய துணை மண்டலம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனிதன் கண்ட முதல் சுருளே தனித்திருந்த சுருள் அன்று, அண்டை வீட்டாருடன் கைகோத்து நின்ற சுருள் என்பதை அக்காலத்தவர் கவனிக்கவில்லை. பிற்காலத்தில் ரேடியோ டெலஸ்கோப்புகள் எம் 51ஐ நோக்கித் திரும்பியபோது, புகைப்படத்தில் அடையாளமே இல்லாத இடத்தில் ஹைட்ரஜனாலான ஒரு நெடிய வால் அதிலிருந்து புறப்பட்டுச் செல்வது வெளிப்பட்டது.

டூம்ரே சகோதரர்களின் கணக்கில் இருந்தவை ஒன்றோடொன்று மோதாத புள்ளிகள்; அவை நட்சத்திரங்களுக்குப் பொருந்துமே தவிர வாயுவுக்கு முற்றிலும் பொருந்தா. வாயுவின் விசேஷத்தை அதற்கு வெகு முன்பே, 1951இல், வால்டர் பாடேயும் லைமன் ஸ்பிட்ஸரும் எடுத்துக் கூறியிருந்தார்கள்: இரண்டு மண்டலங்கள் நேருக்கு நேராக மோதினால் நட்சத்திரங்கள் தப்பிச் சென்றுவிடும், வாயு மட்டும் மோதுமிடத்திலேயே பின்தங்கி நின்றுவிடும் என்பது அவர்களுடைய தர்க்கம். பெகாஸஸ் திசையிலே யுஜிசி 12914, 12915 என்ற ஜோடியை 1993இல் ரேடியோ அலைகளில் ஆராய்ந்தபோது அவர்கள் சொன்னது கண்கூடாயிற்று. தட்டோடு தட்டாக ஒன்றுள் ஒன்று புகுந்து வெளிவந்து இன்று விலகிச் சென்றுகொண்டிருக்கும் அந்த இரண்டு மண்டலங்களுக்கு நடுவே, இரண்டுக்கும் சொந்தமில்லாததாக, அல்லது இரண்டுக்குமே சொந்தமானதாக, ஒரு பெரும் வாயுப் பாலம் காந்தப் புலங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருக்கிறது.

நேருக்கு நேர் மோதாமல் பக்கமாகக் கடந்து செல்லும் சந்திப்புகளில் வாயுவின் போக்கு இன்னும் சூக்ஷ்மமானது. எனக்கு மிகவும் பிரியமான பகுதியும் அதுதான். சுழலும் வாயு மண்டலத்தின் மையத்தில் விழுந்துவிடாமல் இருப்பதற்குக் காரணம் அதன் கோண உந்தம். அதை யாரிடமேனும் கொடுத்துத் தீர்த்தாலன்றி வாயு உள்ளே போக முடியாது. ஓத சக்தி தட்டைக் குலைக்கும்போது நட்சத்திரங்கள் மையத்தருகே ஒரு நீண்ட சட்டம்போல் திரளுகின்றன, வாயுவும் அவ்வாறே திரளுகிறது. ஆனால் வாயுவில் மோதல்களும் அதிர்ச்சி அலைகளும் இருப்பதால், வாயுச் சட்டம் நட்சத்திரச் சட்டத்துக்குச் சற்று முன்னே போய் நிற்கிறது. பின்னாலுள்ள நட்சத்திரச் சட்டம் அதைத் தன் ஆகர்ஷணத்தால் ஓயாமல் பின்னுக்கு இழுக்கிறது. அந்த இழுப்பிலே வாயு தன் கோண உந்தத்தை நட்சத்திரங்களிடம் ஒப்படைத்துவிட்டு மையத்தை நோக்கிச் சரிகிறது. 1991இல் பார்ன்ஸ், ஹெர்ன்க்விஸ்ட் என்ற இருவர் கணக்கு யந்திரத்தில் நட்சத்திரத்தையும் வாயுவையும் ஒருங்கே வைத்துக் கணித்தபோது, வாயுவின் பெரும் பங்கு இவ்வாறு மையத்திலுள்ள ஒரு சிறிய இடத்தில் போய்க் குவிவதைக் கண்டார்கள். நட்சத்திரங்கள் தாங்கள் சந்திப்பில் பெற்ற அலைச்சலை என்றென்றும் சுமந்துகொண்டிருக்க, வாயு மட்டும் தன் அலைச்சலைக் கதிராக உமிழ்ந்துவிட்டு ஆழத்தில் இறங்கிவிடுகிறது. வெளியே எறியப்படும் வாயு ஒரு பங்கு, உள்ளே தள்ளப்படும் வாயு ஒரு பங்கு என்று ஒரே சந்திப்பு ஒரே தட்டின் வாயுவை இரண்டு நேர்மாறான வழிகளில் ஓடவைக்கிறது.

இரண்டு வழிகளையும் ஒரே இடத்தில் காணவேண்டுமானால் சப்தரிஷி மண்டலத்தின் பக்கமே மறுபடியும் திரும்பவேண்டும். புலஸ்தியரிலிருந்து கிரதுவுக்கு ஒரு கோடு இழுத்து, அதே தூரம் மேலும் நீட்டிச் சென்றால், 1774ஆம் ஆண்டின் கடைசி நாளன்று யோஹான் போடே என்ற ஜெர்மானியர் கண்டெடுத்த இரண்டு மண்டலங்கள் அருகருகே இருக்கும்: எம் 81, எம் 82 என்று அவற்றுக்கு இன்று பெயர். தூரம் ஏறக்குறைய 1.2 கோடி ஒளியாண்டு. முதலாவது மண்டலம் சுருள்களுக்கே லட்சணம் வகுத்தாற்போன்ற அழகும் ஒழுங்கும் உடையது. இரண்டாவது, பக்கவாட்டில் தெரியும் ஒரு கலைந்த சுருட்டைப் போலக் கிடப்பது. சற்றுத் தள்ளி என்ஜிசி 3077 என்ற சிறிய மண்டலமும் உண்டு. சாதாரணப் புகைப்படத்தில் இம்மூன்றுக்கும் இடையே இருப்பது வெறும் இருள். எம் 81ஐ மட்டும் பார்ப்பவர், அது எந்தத் தொல்லைக்கும் ஆளாகாமல் அமைதியாகச் சுழல்வதாகவே சத்தியம் செய்வார்.

1994இல் யுன், ஹோ, லோ என்ற மூவர், நியூ மெக்ஸிகோவில் 27 தட்டுகளைக் கொண்டு அமைந்துள்ள பெரும் ரேடியோ டெலஸ்கோப்பினால் அந்தப் பகுதி முழுவதையும் 21 சென்டிமீட்டர் அலையில் படமெடுத்து வெளியிட்டார்கள். அந்தப் படத்தை முதன்முறை பார்ப்பவர் மனத்தில் எழும் உணர்ச்சியை வர்ணிப்பது கடினம். இருளென்று நினைத்த இடமெல்லாம் ஹைட்ரஜன் இழைகள். எம் 81இன் கரங்களிலிருந்து புறப்பட்டு என்ஜிசி 3077ஐ நோக்கி வளைந்து செல்லும் ஒரு பெரும் பாலம். எம் 82இலிருந்து அறுந்து தொங்கும் நீண்ட கற்றைகள். மூன்று மண்டலங்களும் ஒரே வலையில் அகப்பட்டவைபோல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வாயுவின் வேகங்களை இழை இழையாக அளந்து கணித்தால், ஏறக்குறைய 20 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு எம் 82உம் என்ஜிசி 3077உம் எம் 81ஐ வெகு அருகாகக் கடந்து சென்றிருக்கின்றன என்று தெரிகிறது. நட்சத்திரங்களின் ஒளி மறைத்து வைத்த சரித்திரத்தை வாயு இத்தனை காலம் காப்பாற்றி வைத்திருக்கிறது. பாடப் புத்தகம் எழுதுபவர்கள் எம் 81இன் புகைப்படத்துக்குப் பக்கத்திலேயே இந்த ரேடியோ படத்தையும் அச்சிடவேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஒன்றை மட்டும் காட்டுவது மாணவனுக்குப் பாதி உண்மையைச் சொல்வதாகும்.

இதே சந்திப்பு எம் 82இன் உள்ளே செய்த வேலையும் சாமானியமானதன்று. அதன் வெளிப்புற வாயு உரிந்துபோயிற்று. எஞ்சியதில் பெரும் பகுதி மையத்துக்குச் சரிந்து, அங்கே குறுகிய இடத்தில் நெருங்கி, நட்சத்திரங்கள் பொங்கிப் பிறக்கும் உலையாயிற்று. பிறந்தவற்றில் பெருநட்சத்திரங்கள் சில பத்து லட்சம் அல்லது சில கோடி ஆண்டுகளில் வெடித்து மாய்கின்றன. அவ்வெடிப்புகள் ஒன்றுசேர்ந்து வாயுவைக் கோடிக்கணக்கான டிகிரி உஷ்ணத்துக்குக் காய்ச்ச, அது தட்டின் இரு புறமும் செங்குத்தாகப் பீறிட்டு, விநாடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. 1963இல் ரோஜர் லிண்ட்ஸும் ஆலன் சாண்டேஜும் சிவந்த ஹைட்ரஜன் ஒளியில் இந்த இழைகளைக் கண்டு, மண்டலத்தின் மையமே ஒரு தடவை வெடித்துவிட்டதாக முடிவு செய்தார்கள். வெடிப்பு ஒன்றன்று, ஓயாது வீசும் காற்று என்பது பின்னாளில் தெளிவாயிற்று. அண்டை மண்டலத்தின் இழுப்பினால் உள்ளே போன வாயு, தான் பெற்றெடுத்த நட்சத்திரங்களாலேயே மீண்டும் வெளியே துரத்தப்படுகிறது: ஒரே வாயுவின் பயணத்தில் இவ்வளவு திருப்பங்கள்! இவற்றைப் பேரழிவென்றும் விபத்தென்றும் வர்ணிக்கும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. மண்டலங்களுக்கு இடையே அறுந்து கிடக்கும் அந்த இழைகளிலேயே, எம் 81இன் ஓரத்திலுள்ள ஹோம்பெர்க் 9 என்னும் சிறுமண்டலத்தில், 20 கோடி ஆண்டுகூட நிரம்பாத இளம் நட்சத்திரங்கள் திரளாக ஒளிர்கின்றன; அவை சந்திப்புக்குப் பின் பிறந்த குழந்தைகள்.

ஹஸ்த நட்சத்திரத்தின் பக்கத்திலே நீண்ட இரு மீசைகளுடன் தோன்றும் என்ஜிசி 4038, 4039 என்ற ஜோடியிலும், மார்சேய் நகரத்து ஸ்டெஃபான் 1877இல் கண்ட ஐவர் கூட்டத்திலும் இதே நாடகம் வேறு வேறு அங்கங்களில் நடந்துகொண்டிருக்கிறது. பின்னதில் ஒரு மண்டலம் விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் மற்றவற்றின் நடுவே கிடந்த வாயுவுக்குள் வந்து புகுவதால் எழுந்த அதிர்ச்சி அலை, நமது மண்டலத்தைவிடப் பெரிய நீளத்துக்கு ஒரு வரம்புபோல் ரேடியோவிலும் எக்ஸ்-கதிரிலும் தென்படுகிறது. அவ்வளவு உக்கிரமான இடத்தில் மூலக்கூறுகள் பிழைத்திருக்கவே வழியில்லை என்று எண்ணியிருந்தபோது, 2006இல் ஸ்பிட்ஸர் டெலஸ்கோப் அங்கே ஹைட்ரஜன் மூலக்கூறுகள் பலமாக ஒளிர்வதைக் கண்டது. அதிர்ச்சியில் நசுங்கிய வாயு மறுபடியும் குளிர்ந்து கூடியிருக்கிறது.

இந்தச் சந்திப்புகள் ஏன் பலமுறை நடந்து கடைசியில் சங்கமத்தில் முடிகின்றன என்பதற்கான கணிதத்தை 1943இல் எழுதியவர் நம்மவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். நட்சத்திரக் கடலின் ஊடே செல்லும் ஒரு பெரும்பொருள், தன் ஆகர்ஷணத்தால் தனக்குப் பின்னே நட்சத்திரங்களைத் திரட்டிவிடுகிறது. அந்தத் திரளின் இழுப்பே அதன் வேகத்தைக் குறைக்கும் உராய்வாக அமைகிறது. நட்சத்திரக் கூட்டங்களைக் கருதி அவர் வகுத்த அந்தச் சூத்திரத்தைக் கொண்டே இன்று துணை மண்டலங்கள் பெருமண்டலங்களில் எப்போது வந்து விழும் என்று கணக்கிடுகிறார்கள். எம் 82உம் என்ஜிசி 3077உம் ஒருநாள் எம் 81இல் கலந்துவிடுவதற்கும், நமது வீட்டு வாசலிலேயே இரண்டு சிறு மண்டலங்கள் சுற்றி வருவதன் முடிவுக்கும் அதே உராய்வுதான் காரணமாக இருக்கும்.

மகெல்லன் மேகங்கள் என்று பெயர்பெற்ற அந்த இரண்டும் தென்திசைக்குரியவை. மார்கழி, தை மாதத்து இரவுகளில் கன்னியாகுமரிக் கரையில் நின்று பார்த்தால் பெரிய மேகம் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே வந்து போகும். பெரியது 1,60,000 ஒளியாண்டு தூரத்திலும் சிறியது 2,00,000 ஒளியாண்டு தூரத்திலும் உள்ளன. இரண்டையும் இணைக்கும் ஹைட்ரஜன் பாலத்தை 1963இல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். 1974இல் மாத்யூசன் முதலியோர் அந்த மேகங்களுக்குப் பின்னே ஆகாயத்தில் நூறு டிகிரிக்கும் மேலாக நீண்டு செல்லும் ஒரு வாயு ஓடையைக் கண்டறிந்தார்கள். தெற்கு ஆகாயத்தில் பாதியை அளாவிக் கிடக்கும் அந்த ஓடையைக் கண்ணால் காண முடியாது. அதில் நட்சத்திரங்கள் அநேகமாக இல்லை.

நட்சத்திரங்கள் ஏன் இல்லை என்ற கேள்வியைச் சுற்றியே பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. ஓத சக்தி நட்சத்திரத்துக்கும் வாயுவுக்கும் பேதம் பாராட்டாது. இரண்டையும் ஒருங்கே இழுக்கும். நம் மண்டலத்தைச் சூழ்ந்து பல லட்சம் டிகிரி உஷ்ணத்தோடு பரவியிருக்கும் மெல்லிய வாயுவுக்குள் மேகங்கள் ஓடும்போது எதிர்க்காற்று வீசுமல்லவா, அது வாயுவை மட்டும் உரிக்கும், நட்சத்திரத்தைத் தொடாது. ஆகவே ஓடையை உண்டாக்கியது காற்றே என்றார்கள் ஒரு சாரார். 1998இல் மேகங்களுக்கு முன்னாலும் ஒரு வாயுக் கரம் நீளுவது தெரிந்தபோது, எதிர்க்காற்று எதையும் முன்னால் தள்ள முடியாதே என்று ஓதக் கட்சியார் மகிழ்ந்தார்கள். பிறகு 2006இல் நித்யா கல்லிவயலிலும் அவருடன் உழைத்தவர்களும் ஹபிள் டெலஸ்கோப்பினால் மேகங்களின் பெயர்ச்சியை நுட்பமாக அளந்து, அவை முன்பு நினைத்ததைவிட மிக அதிக வேகத்தில் செல்வதைக் காட்டினார்கள். அவ்வளவு வேகமுள்ளவை நம் மண்டலத்துக்கு இப்போதுதான் முதல் தடவையாக வருகின்றன என்று கொள்வதே பொருத்தம். அப்படியானால் ஓடையை இழுத்தது நமது மண்டலமாக இருக்க முடியாது. இங்கே வந்து சேருவதற்கு முன்பே பெரிய மேகம் சிறிய மேகத்தைச் சுற்றி வளைத்து இழுத்துப் பறித்த வாயுதான் அது. சிறுமண்டலங்களில் நட்சத்திரத் தட்டைத் தாண்டி வெகுதூரம் வாயு பரவியிருக்கும் என்பதால் முதலில் பறிபோவதும் வெறும் வாயுவாகவே இருக்கும். 2013இல் ஓடையின் ரசாயனத்தை ஆராய்ந்தபோது அதில் ஓர் இழை பெரிய மேகத்தினுடையது என்றும் மற்றது சிறியதனுடையது என்றும் தெரிந்தது. 2023இல் ஓடையோடு செல்லும் நட்சத்திரங்கள் சிலவும் அகப்பட்டன. ஓதத்துக்கும் காற்றுக்கும் ஆளுக்கொரு பங்குண்டு என்பதே இன்றைய நிலையில் நியாயமான தீர்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. இழுத்து வெளியே போட்டது ஓதம். வெளியே வந்ததை வளைத்துச் சிதைத்து வேகம் குறைத்துக்கொண்டிருப்பது காற்று.

வேகம் குறைந்த வாயு நமது மண்டலத்தை நோக்கி இறங்குகிறது. அதில் ஒரு பகுதி வழியிலேயே கரைந்து சூடேறிப் பரவிப்போகலாம். மற்றொரு பகுதி தட்டை எட்டி, இனி பிறக்கவிருக்கும் நட்சத்திரங்களுக்கு இரையாகலாம். இறங்கும் வாயு நட்சத்திரமாக மாறியதற்கு உதாரணம் ஒன்று கைக்குக் கிடைத்திருக்கிறது. கையா என்னும் விண்கலம் சேகரித்த அளவீடுகளை ஆராய்ந்த ஏட்ரியன் பிரைஸ்-வீலன், பழைய நட்சத்திரங்களே வாழும் நமது மண்டலத்தின் வெளியோரத்தில், ஏறக்குறைய 94,000 ஒளியாண்டு தூரத்தில், இளம் நட்சத்திரங்களாலான ஒரு சிறு கூட்டத்தைக் கண்டுபிடித்தார். அதன் வயது ஏறக்குறைய 11.7 கோடி ஆண்டு. அதன் ரசாயனம் நம் மண்டலத்தினதோடு ஒத்துப்போகாமல், மகெல்லன் மேகங்களுக்கு முன்னே நீளும் வாயுக் கரத்தின் ரசாயனத்தோடு ஒத்துப்போகிறது. அந்த நட்சத்திரங்கள் பிறந்தது நமது மண்டலத்தில். பிறப்பித்த வாயு மகெல்லன் மேகங்களிலிருந்து வந்தது.